முதுநகரிலிருந்து ஒரு கடிதம்

கடலூர் முதுநகர்

அன்புள்ள சம்பந்தம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. படகுகள் கடலுக்குப் போகவில்லை, மீன் விலை சொல்லி மாளாது.

என் மருமகனின் அண்ணன் மகன் புதுச்சேரியில் மெக்கானிக்கல் படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை, செம்பில் தானே செய்த சின்ன உருளை பாய்லர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். வேலை அவ்வளவு சுத்தம். ஆனால் இரண்டு முனையிலும் தட்டைத் தகடு, உள்ளே தகடுகளை இழுத்துப் பிடிக்கும் கம்பி, அதாவது ஸ்டே, ஒன்று கூட இல்லை. "தகடு கெட்டியாத்தானே இருக்கு தாத்தா" என்றான். தகட்டின் விட்டம் 10 சென்டிமீட்டர், நீராவி பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ, கணக்குப் போடு என்றேன். தகட்டை வெளியே தள்ளும் விசை 235 கிலோ என்று வந்ததும் பேச்சே காணோம்.

பாய்லரின் உருளை உடம்பை அதன் வட்டமே காப்பாற்றும். தட்டைத் தகடு உப்பத்தான் பார்க்கும். இலவம்பஞ்சு மெத்தைக்கு இடையிடையே முடிச்சுப் போட்டு இழுத்துத் தைக்கிறோமே, ஸ்டே செய்வதும் அதே வேலைதான். நம் பழைய மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின் ஒய்.பி.யில் பிரஷர் 14.8 கிலோ. 10 சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்டே என்று வைத்தாலும் ஒவ்வொன்றின் மேலும் ஏறக்குறைய ஒன்றரை டன் இழுவை. விரல் தடிமன் கம்பி அது!

நீ எஞ்சினை ஓட்டி ஃபுட்பிளேட்டில் நின்றவன், நான் விழுப்புரம் ஷெட்டில் எஞ்சினின் அடுப்பான ஃபயர்பாக்ஸுக்குள் ஊர்ந்தவன். எஞ்சின் ஆறியதும் கதவு வழியாக நுழைந்து, வரிசை வரிசையாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போவேன். நல்ல ஸ்டே கணீரென்று சொல்லும். உடைந்தது மொத்தென்று செத்த சத்தம். ஃபயர்பாக்ஸுக்கு இரட்டைத் தகடு, நடுவில் தண்ணீர், இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஸ்டே. சூடேறினால் உள்தகடு வெளித்தகட்டைவிட அதிகம் விரியும். ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் ஸ்டே வளைந்து நிமிரும். அதனால் பெரும்பாலும் மேல் வரிசையிலும் மூலைகளிலும்தான், வெளித்தகட்டை ஒட்டி விரிசல் விடும். வெளி முனையில் ஒரு சின்னத் துளை போட்டிருப்பார்களே, விரிசல் அதைத் தொட்டதும் தண்ணீர் கசிந்து வெள்ளை உப்புக் கோடு இறங்கும். தான் உடைந்ததைத் தானே சொல்லும்படி ஒரு கம்பியைச் செய்துவைத்த மனிதனை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஒன்று உடைந்தால் அதன் பாரம் பக்கத்து ஸ்டேக்களின் மேல் விழும், பிறகு அவையும் ஒவ்வொன்றாகப் போகும். அந்தத் துளை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பெரிய வேலை.

ஃபயர்பாக்ஸின் மேல்தகட்டைப் பற்றி உனக்கு நான் சொல்லவே வேண்டாம். தண்ணீர் இறங்கி அது வெறுமையானால் பழுத்து இளகி, ஸ்டேக்களைவிட்டுக் கழன்று வந்துவிடும். அதனால்தான் தகடு சூடேறினால் முதலில் உருகி எச்சரிக்கும் ஈய பிளக். தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸிலிருந்து நீ கண்ணை எடுக்காததும் அதற்காகத்தான்.

பெல்பேர் ஃபயர்பாக்ஸ் ஏன் என்று கேட்டிருந்தாய். வெளிக்கூரை வளைவாக இருந்தால், உள்தகட்டிலிருந்து போகும் ஸ்டேக்கள் அதைச் சாய்வாகத்தான் சந்திக்கும். பெல்ஜியத்துக்காரர் ஆல்ஃபிரட் பெல்பேர் 1860களில் வெளிக்கூரையையும் தட்டையாக்கிவிட்டார். ஸ்டே நேராக நின்று நேராக இழுக்கிறது. செய்வதற்குச் செலவு கூடுதல், ஆனாலும் என் கணக்கில் அதுதான் ஒழுங்கான வழி.

பையனுக்கு முனையிலிருந்து முனைக்கு நடுவில் ஒரு நீள ஸ்டே போடச் சொல்லியிருக்கிறேன். கைக்குக் கிடைத்ததென்று பித்தளைக் கம்பியை எடுத்தான், விடவில்லை. வெந்நீரில் பித்தளையின் துத்தநாகம் கரைந்துபோய் உள்ளே பொக்காகிவிடும், வெளியே தெரியாது. வெண்கலமோ செம்போ தேடிக்கொண்டிருக்கிறான். முடித்ததும் தண்ணீரை நிரப்பி 6 கிலோவுக்கு ஏற்றிப் பார்த்த பிறகுதான் அடுப்பு. காற்றை அடைத்துச் சோதிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

தை மாதம் அவனையும் கூட்டிக்கொண்டு திருச்சி வரலாம் என்றிருக்கிறேன். ஊட்டி ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின் கட்டிய பொன்மலை ஒர்க்‌ஷாப்பை அவன் கண்ணால் பார்க்கட்டும். வெளியாட்களை உள்ளே விட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விசாரித்து எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கலியபெருமாள்