பனிக்கு முன்னால் போடும் பாதை

அன்பு நண்பா,

கண்மாய் வேலையைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். வரத்துக்காலில் ஒரு பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக்கொண்டு போனால், போன வருடம் வெட்டிய தூரெல்லாம் மறுபக்கம் ஆள் உயரத்துக்குத் துளிர்த்து நிற்கிறது என்று புலம்பியிருக்கிறாய். ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இங்கே சதுப்பு ஓரங்களில் ஆல்டர் என்று ஒரு புதர் வளர்கிறது. அதற்கும் அதே பிடிவாதம். ஒன்றை வெட்டினால் ஐந்தாக வரும்.

கடைசியில் நீ கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். "பனி விழுந்தால் எல்லாம் வெள்ளையாக மூடிவிடும். சறுக்கிப் போகிறவனுக்குப் பாதை எதற்கு? அதற்காக அக்டோபரிலேயே ஆள் சேர்த்துக்கொண்டு காட்டுக்குப் போவது எதற்கு?" இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலருக்கு இதற்குப் பதில் தெரியாது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மினசோட்டாவின் வடகிழக்கு மூலையில், சுப்பீரியர் ஏரிக்கரையில், கிராண்ட் மரே என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து கன்ஃப்ளின்ட் டிரெயில் என்ற சாலை ஏறத்தாழ 92 கி.மீ. காட்டுக்குள் ஏறிப்போய், கனடா எல்லைக்குப் பக்கத்தில் அப்படியே முடிந்துவிடுகிறது. அந்தச் சாலையை ஒட்டியிருப்பது பவுண்டரி வாட்டர்ஸ் காப்புக்காடு. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரப்பு, ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். கோடையில் துடுப்புப் படகோடு வருகிற கூட்டம் குளிர்காலத்தில் வருவதில்லை. அப்போது அதற்குள் போகிறவர்களுக்கென்று இருப்பதுதான் பானடாட் பாதை. ஏறத்தாழ 30 கி.மீ. நீளம். டிவியில் நீ பார்க்கிற, மலையுச்சியிலிருந்து பாய்ந்து இறங்கும் சறுக்கு இல்லை இது. ஒல்லியான நீளப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, இரு கையிலும் கோல் ஊன்றி, காட்டுக்குள் நாள் முழுக்கச் சறுக்கி நடக்கிற வகை.

இனி உன் கேள்வி. பிப்ரவரியில் அங்கே அரை மீட்டருக்கு மேல் பனி அமுங்கிக் கிடக்கும். போகிறவன் அதன் மேல்தானே போகிறான்? அவன் தலை இப்போது நாம் நிற்கிற உயரத்திலிருந்து அரை மீட்டர் மேலே இருக்கும். அதனால் அக்டோபரில் நாங்கள் வெட்டுவது கண்ணுக்கு முன்னால் தெரிகிற வழியை இல்லை, அதற்கு மேலே உள்ள வழியை. கையை உயர்த்தினாலும் எட்டாத கிளையைத் தேடி வெட்ட வேண்டும். அது மட்டுமா? பனி சுமந்த கிளை தாழும். பிர்ச் மரத்தின் இளங்கன்றுகள் உச்சி தரையைத் தொடும் அளவுக்கு வளைந்து பாதைக்குக் குறுக்கே நிற்கும். இலையுதிர்காலத்தில் ஒழுங்காக ஒதுங்கி நிற்கிற மரம் ஜனவரியில் எப்படிக் குனியும் என்று கணக்குப் போட்டு வெட்டத் தெரிந்தவர்தான் இங்கே அனுபவசாலி.

கீழேயும் அதே கவனம் வேண்டும். விரல் பருமன் தண்டைச் சாய்வாக வெட்டிவிட்டு வந்தால், சீசன் தொடக்கத்தின் சாண் உயரப் பனியில் அதன் முனை ஈட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும். விழுகிறவன் அதன் மேல்தான் விழுவான். ஆகவே தரையோடு தரையாக வெட்ட வேண்டும். முதுகு ஒடிகிற வேலை இதுதான். சரிவுகளின் அடிவாரத்திலும் வளைவுகளிலும் பாதையை இன்னும் அகலமாக்குகிறோம். காலில் இரண்டு மீட்டர் பலகையோடு வேகமாக இறங்கி வருகிறவனுக்குப் பிரேக் கிடையாது, இடம்தான் உண்டு.

இப்போது சட்டம். உனக்கு இது பிடிக்கும். 1964இல் அமெரிக்கா வனாந்தரங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டது. அதன்படி இத்தகைய காடுகளுக்குள் மோட்டார் கருவி கூடாது. எனவே மோட்டார் ரம்பத்துக்கு இடமில்லை. 1978இல் இந்தக் காட்டுக்கென்றே இன்னொரு சட்டம் வந்தது. அது ஒரு சலுகை கொடுத்தது: விடுதிகளுக்கு அருகே குறிப்பிட்ட சில சறுக்குப் பாதைகளில் பனியை அமுக்கிச் சீராக்க ஸ்னோமொபைல் என்ற பனி மோட்டார் வண்டியை ஓட்டலாம். ஆக, ஜனவரியில் இயந்திரம் உறுமிக்கொண்டு அதே பாதையில் போகலாம். அக்டோபரில் குறுக்கே கிடக்கிற மரத்தைக் கையால்தான் அறுக்க வேண்டும். முரண்தான். ஆனாலும் இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டுதான் வேலை நடக்கிறது. இன்னொரு விதி, ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இருபது பேர் வந்தாலும் மூன்றாகப் பிரிந்து, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வேலை செய்ய வேண்டும். எல்லோரும் ஒன்றாக உட்காருவது மாலையில் சாலையோரம் வந்து சேர்ந்த பிறகுதான்.

ரம்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். ஆறடி நீளம், இரு முனையிலும் கைப்பிடி, ஆளுக்கொரு பக்கம். இதில் பாடம் ஒன்றுதான்: இழு, தள்ளாதே. தள்ளினால் தகடு வளைந்து திணறும். உன் முறை முடிந்ததும் கையைத் தளர்த்திவிட வேண்டும். எதிரே இருப்பவர் இழுத்துக்கொள்வார். பல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கத்தியாக நாரை அறுக்கிற பற்கள் சில, அவற்றுக்கு இடையில் சற்றே குட்டையாக, அறுந்ததைச் சுரண்டி வெளியே தள்ளுகிற பல் ஒன்று. தீட்டத் தெரிந்தவர் தீட்டிய ரம்பமாக இருந்தால் தூள் வராது. இடியாப்பம் பிழிந்ததுபோல் நீள நீளமாக மர இழை வந்து பூட்ஸ் மேல் விழும். இழை குட்டையாகி மாவாகக் கொட்டத் தொடங்கினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள்.

மரம் எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பது அதைவிட முக்கியம். இரு முனையும் மேட்டில் தாங்கி நடுவில் பள்ளம் என்றால் மரத்தின் மேல்பக்கம் நெருக்குண்டிருக்கும், அடிப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்து அறுத்தால் பாதியில் வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அதனால் வெட்டுக்குள் ஆப்பு அடித்துத் திறந்து வைப்பார்கள், அல்லது கீழிருந்து அறுப்பார்கள். நம் ஊர் 'ஆப்பசைத்த குரங்கு' கதையை மதிய உணவின்போது சொன்னேன். தலைமை அறுப்பாளரான அம்மையார், தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், சிரிக்கவே இல்லை. "பாதுகாப்பு வகுப்பில் இதைச் சொல்லித்தர வேண்டும்" என்றார்.

அறுக்க மரத்துக்குப் பஞ்சமே இல்லை. 1999 ஜூலை 4 அன்று அடித்த புயலில் இந்தக் காட்டில் கோடிக்கணக்கான மரங்கள் விழுந்தன. வெளிச்சம் கிடைத்த இடத்திலெல்லாம் பிர்ச்சும் ஃபிர் என்ற ஊசியிலை மரமும் முண்டியடித்துக்கொண்டு வளர்ந்தன. அண்மை ஆண்டுகளில் மொட்டுப்புழு ஒன்று அந்த ஃபிர் மரங்களை நின்ற வாக்கில் கொன்றுகொண்டிருக்கிறது. செத்த மரம் ஒரு காற்றுக்கு ஒன்றாக விழுகிறது. நேற்றுச் சுத்தம் செய்த இடம் இன்று சுத்தமாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கூடவே இது வேட்டைக் காலம். ஆகவே எல்லோரும் கண் கூசும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டுதான் திரிகிறோம். அழகுக்கு இல்லை, உயிருக்கு.

முதல் பனி விழுந்த பின் வேலை வேறு கைகளுக்குப் போகிறது. புதுப்பனி நிறையக் காற்றை அடக்கிக்கொண்டிருக்கும். குளிரைக் கீழே விடாது. அப்படியே விட்டால் அடியில் சதுப்பு உறையாமல் சேறாகவே இருந்து, பிறகு இயந்திரத்தை விழுங்கும். அதனால் மெல்லிய பனியாக இருக்கும்போதே அமுக்கி, காற்றை வெளியேற்றி, குளிரைத் தரைக்குள் இறக்குகிறார்கள். அப்புறம்தான் இணையாக இரண்டு பள்ளக் கோடுகள் இழுக்கப்படும். நசுங்கிய பனித்துகள்கள் சில மணி நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். காலையில் சறுக்குகிறவருக்குத் தண்டவாளம் தயார், இரவில் மூஸ் மான் அதே கோட்டில் நடந்து குளம்புக் குழிகளை விட்டுவிட்டுப் போகாதவரை.

இவ்வளவும் செய்து பனி வராவிட்டால்? வந்தது அப்படி ஒரு வருடம். 2023-24 குளிர்காலத்தில் மினசோட்டாவில் கதகதப்பு சாதனை படைத்தது. இதே ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகரத்தில் தொடங்குகிற ஜான் பியர்கிரீஸ் நாய்வண்டிப் பந்தயத்தையே பனி இல்லாமல் ரத்து செய்தார்கள். பியர்கிரீஸ் இந்த ஏரிக்கரை ஊர்களுக்கு நாய்வண்டியில் தபால் கொண்டுபோன ஒஜிப்வே இனத்தவர். அவர் பெயரிலான பந்தயத்துக்கே பனி இல்லை. அடுத்த இலையுதிர்காலத்திலும் ஆட்கள் ரம்பத்தோடு வந்தார்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்த மறுவருடமும் நீங்கள் மண்வெட்டியோடு இறங்குவதை நீதான் எழுதியிருக்கிறாயே, உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜே.சி.பி. வந்து ஒரே நாளில் கால்வாயைத் துப்புரவு செய்ததையும், ஊரிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்காததையும் எழுதியிருந்தாய். சீமைக்கருவேலத்துக்கு ஜே.சி.பி.தான் சரி, தூரோடு பிடுங்காமல் அது சாகாது. அங்கே கைவேலையைப் புனிதமாக்காதே. ஆனால் இங்கே மோட்டார் ரம்பம் அனுமதிக்கப்பட்டிருந்தால் கூலிக்கு இரண்டு பேர் வந்து சில நாளில் முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். எந்த வளைவில் எந்த மரம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார். சட்டம் போட்டவர்கள் காட்டின் அமைதிக்காகப் போட்டார்கள். அந்தச் சட்டத்துக்கு ஆட்களைச் சேர்க்கிற வேலையும் தெரியும் என்பது அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க முடியாதது. கவலை என்னவென்றால், வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தலை நரைத்துவிட்டது. பல்கலைக்கழகப் பையன்கள் சிலர் இந்த வருடம் வந்தார்கள். நன்றாக உழைத்தார்கள், அதைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள். அடுத்த வருடமும் வருவார்களா என்று அம்மையாரிடம் கேட்டேன். "சாப்பாட்டை இன்னும் கூட்டுவோம்" என்றார்.

பிப்ரவரியில் சிகாகோவுக்கு மகள் வீட்டுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அங்கிருந்து இங்கே வருவது ஒரு நாள் பயணம். கம்பளிக் கோட்டெல்லாம் விலை கொடுத்து வாங்காதே; சறுக்கும்போது வியர்த்து நனையும், பிறகு அதுவே குளிரெடுக்கும். மெல்லியதாக மூன்று அடுக்கு போதும், என்னிடம் இருக்கிறது. சறுக்குப் பலகைக்கு உன் எடை தெரிய வேண்டும், பூட்ஸுக்குக் கால் அளவு. எடையைக் குறைத்துச் சொல்லாதே. பலகையின் வளைவு எடையை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பொய் சொன்னால் பலகையின் நடுப்பகுதி பனியில் உரசிக்கொண்டே வரும், சறுக்கல் வராது.

ஐப்பசி மழை எப்படி, கண்மாய் எத்தனை அடி என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்