சண்டை சாமிக்காக வரவில்லை, தண்ணீருக்காக வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பைத் தமிழர் வீடுகளில் கலப்புத் திருமணம் பெருகிவிட்டது, அதனால் விளக்கேற்றும் பழக்கமே போய்விட்டது, பேரப்பிள்ளைகள் எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் வளர்கிறார்கள் என்று மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர் உங்கள் பத்திரிகையில் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் வருத்தம் உண்மையானதாகவே இருக்கட்டும். ஆனால் அவர் சொல்கிற மாதிரியான வீட்டில் அவர் ஒரு வாரம்கூட இருந்து பார்த்ததில்லை என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. நான் அந்த மாதிரி வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சைவப் பிள்ளைமார் குடும்பம் எங்களுடையது. கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தவள். தாராவியில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். என் வீட்டுக்காரருக்கு டிராம்பே உரத் தொழிற்சாலையில் வேலை. செம்பூரில் பழைய சொசைட்டி கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரே மகன். அவன் 2018இல் வசாய்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவள் பரேலில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்படிப் பழக்கம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

1954ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம். விண்ணப்பம் கொடுத்தால், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பார்கள். அந்த முப்பது நாளும் ஊரிலிருந்து என் நாத்தனார் போன் செய்து, யாராவது ஆட்சேபணை சொன்னார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருத்தரும் சொல்லவில்லை. அவருக்கு ஏமாற்றம்தான்.

மருமகள் வீட்டுக்கு வந்ததும் சாமி விஷயத்தில் சண்டை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும்தான். வந்தது தண்ணீர்ச் சண்டை. எங்கள் கட்டடத்தில் காலை ஐந்தேகாலுக்குத் தண்ணீர் விடுவார்கள், ஆறரைக்கு நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்துக்குள் குளிக்க வேண்டும், குடிதண்ணீர் பிடிக்க வேண்டும், டிரம்மை நிரப்ப வேண்டும். நான் கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் வந்ததும் முதல் ஆளாகக் குளித்து, வாசலில் கோலம் போட்டு, விளக்கேற்றிவிட்டுத்தான் காபிக்குப் பால் வைப்பேன். அவளுக்குக் காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. ஆறு மணி வண்டியைப் பிடித்தாக வேண்டும். குளியலறை ஒன்று, ஆட்கள் நாலு பேர். கதவை யார் முதலில் தட்டுவது என்பதில் தொடங்கி, பிறகு பேச்சில்லாமல் பாத்திரச் சத்தமாக அது தொடர்ந்தது. வாளி வைக்கிற சத்தத்திலேயே யாருக்கு யார்மேல் கோபம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

கடைசியில் அவர்தான், “முருகன் ஏழரைக்கும் அங்கேயேதான் இருப்பான், அவளுக்குத்தான் வண்டி போயிரும்” என்றார். அவ்வளவுதான். அவள் முதலில் குளித்துப் போவாள். நான் டிரம் தண்ணீரில் நிதானமாகக் குளித்து ஏழரைக்கு விளக்கேற்றுவேன். நாற்பது வருடப் பழக்கம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது. விளக்கு நின்றுபோகவில்லை. மாட்டுங்கா வாசகர் இதைக் கலாசாரச் சரிவு என்பாரோ என்னவோ.

அடுத்தது மீன். வசாய்க்காரர்களுக்கு மீன் இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததில்லை. பால்கனியில் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஏற்பாடு. நான் இன்றைக்கும் தொடுவதில்லை. ஆனால் பொம்பில் மீன் பொரிகிற நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

2020இல் ஊரடங்கு வந்தது. லோக்கல் ரயில் நின்றது. ஜூன் நடுவில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் ஓட்டினார்கள். அந்த வண்டியில் அவள் போய் வந்தாள். வாசலிலேயே உடுப்பை வாளியில் போட்டுவிட்டு நேரே குளியலறைக்கு ஓடுவாள். அவளுக்குத்தான் முதல் தண்ணீர் என்பதில் அப்போது யாருக்கும் கேள்வி இல்லை. மறுவருடம் ஏப்ரலில், இரண்டாம் அலையில், என் வீட்டுக்காரர் போய்விட்டார். கடைசியாக அவர் முகத்தைப் பார்த்தது அவள்தான், நர்ஸ் என்பதால் உள்ளே விட்டார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

அந்தச் சமயம் கோயில்களும் பூட்டிக் கிடந்தன. மகாராஷ்டிரத்தில் வழிபாட்டு இடங்களை மறுபடி திறந்தது 2021 அக்டோபர் 7, நவராத்திரி முதல் நாள். சேடா நகர் முருகன் கோயிலுக்கு நானும் அவரும் செவ்வாய்க்கிழமை தவறாமல் போவோம். அத்தனை படியையும் ஏறி, மேலே நின்று காற்று வாங்கி, கீழே இறங்கும்போது அவருக்குக் கடலை, எனக்குப் பூ. திறந்துவிட்டார்கள் என்று தெரிந்தும் நான் போகவில்லை. நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்டால், அன்றைக்கு என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. கூட வந்தவர் இல்லாத செவ்வாய்க்கிழமையை என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவே.

நாத்தனார் வீடியோ அழைப்பில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னுமா பொட்டு வச்சிருக்க?” என்றார். பதில் சொல்லாமல் போனை மகன் கையில் கொடுத்துவிட்டேன். மறுநாள் மருமகள் டியூட்டி முடிந்து வரும்போது ஒட்டுப்பொட்டு அட்டை ஒரு கத்தை வாங்கி வந்து என் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்தனாருடன் இப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேச்சு. சின்ன வயதில் எனக்குத் தலைபின்னிவிட்டவர். கோபம் இல்லை, தூரம்தான்.

புதன்கிழமை மருமகளுக்கு விடுப்பு கிடைத்தால் மாஹிமில் புனித மிக்கேல் ஆலயத்துக்குப் போவாள். சதா சகாய மாதா நவநாள் ஜெபம். 1948இல் தொடங்கியது, இன்றும் புதன் முழுக்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து போகிறார்கள். ஒருநாள், “வர்றீங்களா? வீட்டுல தனியாத்தானே இருக்கீங்க” என்றாள். செம்பூரில் ஏறி வடாலா ரோடில் இறங்கி, அந்தேரிப் பக்கம் போகிற வண்டி மாறி, கிங்ஸ் சர்க்கிள் தாண்டினால் மாஹிம். ஆலயத்துக்கு வெளியே மெழுகில் செய்த கை, கால், குழந்தை, வீடு எல்லாம் விற்கிறார்கள். வேண்டுதலுக்கு ஏற்றதை வாங்கி வைக்க வேண்டும். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் தகட்டில் கண்ணும் காலும் வாங்கி உண்டியலில் போடுவது எனக்குப் பழக்கம்தான், அதனால் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் பார்த்தவரை மெழுகு வீட்டுக்குத்தான் கிராக்கி. மும்பை ஆயிற்றே.

உள்ளே எனக்குப் பக்கத்தில் குஜராத்திப் பெண் ஒருத்தி, முன்வரிசையில் குங்குமம் வைத்த மராத்திப் பாட்டி. யாரும் யாரையும் என்ன மதம் என்று கேட்கவில்லை. அவர்கள் ஜெபம் சொன்னபோது நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் போனதற்குப் பிறகு, வேறு யாரும் என்னைக் கவனிக்காத இடத்தில், அழ வேண்டும் என்று தோன்றினால் அழலாம் என்கிற இடத்தில், அன்றுதான் உட்கார்ந்தேன். அழவில்லை. ஆனாலும் அடுத்த புதனும் போனேன். மதம் மாறிவிட்டேனா என்று எங்கள் சொசைட்டியில் ஒரு மாமி கேட்டார். செவ்வாய் முருகனுக்கு, புதன் மாதாவுக்கு, வியாழன் காய்கறி மார்க்கெட்டுக்கு என்றேன்.

செவ்வாய் மறுபடி தொடங்கியதற்கும் பெரிய பக்திக் காரணம் ஒன்றும் இல்லை. பேரனை சேடா நகரில் ஒரு டியூஷனில் சேர்த்தார்கள். விட்டுவிட்டு ஒரு மணி நேரம் எங்கே உட்கார்வது? கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. ஏறினேன். கடலை வாங்கவில்லை.

சம்பந்தி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகாசிப் பக்கத்தில் வாழைத் தோட்டம் வைத்திருந்த குடும்பம். அவரும் என்னைப் போலத் தனிக்கட்டை. மகன் கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் வழக்கப்படி சொதி வைத்துப் பரிமாறினேன். தேங்காய்ப்பால் குழம்பை ருசி பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, மீனை மட்டும் மறந்துட்டீங்க” என்றார். அன்று எனக்குச் சுருக்கென்றது. இப்போது தினமும் மாலை அவரோடு அரை மணி நேரம் மராத்தியில் பேசாமல் எனக்கு நாள் முடிவதில்லை. மாநகராட்சியில் வேலை பார்த்ததால் மராத்தி எனக்கு நன்றாகவே வரும். மூட்டுவலி, மாத்திரை, பேரனின் சளி, பிள்ளைகள் நம்மிடம் சொல்லாமல் மறைக்கும் விஷயங்கள். சீசனில் சுகேளி அனுப்புவார். பழுத்த வாழைப்பழத்தை வெயிலில் காயவைத்துச் சருகில் கட்டியது. நான் மோர்மிளகாயும் கூழ்வடகமும் அனுப்புவேன். என் சொந்தத்தில் யாரும் எனக்கு இத்தனை நெருக்கமாக இல்லை என்று எழுத ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் உண்மை.

கொலு வைப்பதை நான் நிறுத்தியிருந்தேன். படியும் பொம்மையும் பரண்மேல் கிடந்தன. ஒரு டிசம்பரில் மருமகள் கேட்டு வாங்கிக் குடில் கட்டினாள். செட்டியாரும் அவர் மனைவியும் பலசரக்குக் கடையோடு மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று ராஜாக்களில் ஒருவர் குறைந்ததால் தசாவதாரத்திலிருந்து ஒருவரை எடுத்து நிறுத்தினான் மகன். யாரை என்று சொல்ல மாட்டேன், கடிதம் எழுத வாசகர்களுக்கு இன்னொரு விஷயம் கிடைத்துவிடும். அடுத்த நவராத்திரிக்கு நானே பரணிலிருந்து படிகளை இறக்கச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே வேண்டுதலாக இருந்த காலமும் உண்டு. 2024 ஜூனில் மும்பைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றி, மாநகராட்சி பத்து சதவீதம் வெட்டு அறிவித்தது. ஆறரைக்கு நின்ற தண்ணீர் ஆறேகாலுக்கே நின்றது. பாட்சாவிலும் வைதர்ணாவிலும் தான்சாவிலும் மழை பெய்ய வேண்டும் என்று நான் முருகனிடமும் அவள் மாதாவிடமும் கேட்டோம். காலையில் எழுந்ததும் ஏரி நீர்மட்டத்தைத்தான் முதலில் படிப்போம்.

பேரன் எந்தச் சாமியைக் கும்பிடுவான் என்பது வாசகரின் கேள்வி. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டு அதே வேகத்தில் சிலுவை அடையாளமும் போடுவான். ஆறு வயது. காது குத்தியாயிற்று. ஞானஸ்நானம் இன்னும் கொடுக்கவில்லை. அதை அவன் அப்பா அம்மா முடிவு செய்ய வேண்டும். எனக்கு அதில் ஒரு கருத்து உண்டு. வீட்டிலும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

தாராவியில் என் வகுப்பில் திருநெல்வேலிப் பிள்ளைகள்தான் அதிகம். தோல் பட்டறைகளை நம்பி வந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், மாதா கோயில் பிள்ளைகள், பிள்ளையார் கோயில் தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். டிசம்பரில் மாஹிம் தர்கா சந்தைக்கு எல்லோரும் ஒன்றாகப் போய் மறுநாள் ஒன்றாக லீவு போடுவார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும் என்ற குழப்பம் அவர்களுக்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை. வாய்ப்பாட்டில்தான் குழப்பம்.

மாட்டுங்கா வாசகர் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. மும்பை மாநகராட்சி தமிழ்வழியிலும் பள்ளிக்கூடம் நடத்துகிறது என்பதே பல தமிழர்களுக்குத் தெரியாது. நான் சேர்ந்தபோது உட்கார இடமில்லாமல் இருந்த வகுப்புகள் நான் ஓய்வுபெறும்போது பாதி காலி. அப்பா அம்மா இருவரும் தமிழர், இருவரும் ஒரே சாதி, ஒரே சாமி, வீட்டில் விளக்கும் எரிகிறது. பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் பேரன் மராத்திக்கார அம்மாவின் மகன், தினமும் ஏழு மணிக்கு என்னிடம் சிலேட்டோடு உட்காருகிறான். ‘ழ’ இன்னும் வரவில்லை, ‘ள’வுக்கும் ‘ல’வுக்கும் அடி விழாத குறை.

நாங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் மூன்று பேர் சனிக்கிழமை மாலைகளில் தாராவியில் ஒரு மாடி அறையில் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். மாட்டுங்கா வாசகர் நல்ல தமிழ் எழுதுகிறார். ஸயான் வந்து இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆள் போதவில்லை. சம்பளம் கிடையாது, டீ உண்டு. சாக்பீஸ் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

என் பெயரைப் போட வேண்டாம் என்பது மகனின் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
செம்பூர், மும்பை