எழும்புவதும் எழுப்புவதும்

லா கூர்நெவ், பரிஸ் புறநகர்
பெப்ரவரி

அன்புள்ள தங்கச்சி,

விசா கையில் கிடைத்த பிறகு பிரெஞ்சு படிக்கலாம் என்று இராதே. இரண்டு விஷயத்தை அங்கேயே பழகிக்கொண்டு வா: நேரம் சொல்வது, 'ம, த, ஸ' (என்னை, உன்னை, தன்னை) போட்டு வினைச்சொல் சொல்வது. இரண்டும் ஒரே வசனத்தில்தான் வரும்.

முதலில் நேரம். அலுவலகக் கடிதம், ரயில் அட்டவணை எல்லாம் 24 மணிக் கணக்கு. 14, ஒரு சின்ன 'ஆஷ்' (h) எழுத்து, பிறகு 15 என்று இருந்தால் 'காதோர்ஸ் ஏர் கான்ஸ்', அதாவது பின்னேரம் இரண்டேகால். அந்தக் கணக்கில் கால், அரை கிடையாது. நிமிடத்தை எண்ணாகவே சொல்ல வேண்டும். ஆட்கள் கதைக்கும்போது 12 மணிக் கணக்கு: கால் 'எ கார்', அரை 'எ தெமி'. நடுப்பகல் 'மிதி', நடுச்சாமம் 'மினுய்'.

நம் ஆட்கள் வழுக்குகிற இடம் முக்கால். 4.45ஐ நாங்கள் 'நாலே முக்கால்' என்போம். முடிந்த மணியில் கூட்டுவோம். இவர்கள் வரப்போகிற மணியிலிருந்து கழிப்பார்கள்: 'ஸான்க் ஏர் முவான் ல கார்', ஐந்தில் கால் குறைவு. காதில் 'ஐந்து', 'கால்' இரண்டும் விழுந்தவுடன் மனம் ஐந்தேகால் என்று முடிவு கட்டிவிடும். அரை மணித்தியாலம் பிந்திப் போவாய். நடுவில் வருவது 'எ'யா 'முவான்'ஆ என்பதில்தான் காதை வை.

அடுத்தது இரண்டும் பன்னிரண்டும். 'தெ-ஸேர்' இரண்டு மணி, 'தூஸ்-ஏர்' பன்னிரண்டு. இரண்டிலும் 'ஸ' தேனீ இரைகிற சத்தம், ஆகவே வித்தியாசம் முன்னால் உள்ள உயிரில் மட்டும்தான். இரண்டுக்கு, உதட்டை 'ஓ' சொல்வதுபோல் குவித்து வைத்து 'ஏ' சொல்லிப் பார். பன்னிரண்டுக்கு நம் 'ஊ' போதும். சந்தேகம் என்றால் 'காதோர்ஸ் ஏர்', 'மிதி' என்றே சொல்லிவிடு, யாருக்கும் குழப்பம் வராது. ஒன்பதில் 'நெஃப்' என்பது மணியோடு சேர்ந்தால் 'நெவ்-வேர்' ஆகும்.

மணிக்கும் மணித்தியாலத்துக்கும் இவர்களிடம் ஒரே சொல், 'ஏர்'. முன்னால் நிற்கிற சொல்தான் பிரித்துக் காட்டும். 'ஆ த்ருவாஸேர்' மூன்று மணிக்கு. 'தான் த்ருவாஸேர்' இன்னும் மூன்று மணித்தியாலத்தில். அந்த 'ஆ' எங்கட '-க்கு'. அதை விடாதே.

இனி வினைச்சொல். புத்தகங்கள் இதைத் தன்னைத்தானே செய்வது என்று விளக்கும். அதை நினைத்தால் தலை சுற்றும். ஆர் தன்னைத்தானே எழுப்புகிறார்கள்? தமிழில் எழும்பு, எழுப்பு என்று இரண்டு சொல் இருக்கிறதல்லவா? பிரெஞ்சில் எழுப்பு மட்டும்தான். 'ஜ ரெவேய் லேஸான்ஃபான்' என்றால் பிள்ளைகளை எழுப்புகிறேன். அதற்குள் 'ம' போட்டால் 'ஜ ம ரெவேய்', நான் எழும்புகிறேன். 'ம'வை விட்டுவிட்டு 'ஆறு மணிக்கு' என்றால் கேட்பவர் ஆரை எழுப்புகிறாய் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். படு, படுக்கவை என்பதும் இதே கணக்கு: 'ஸ கூஷே', 'கூஷே'.

ஆளுக்கேற்ப அந்த 'ம' மாறும்: ஜ ம லேவ் (படுக்கையை விட்டு எழும்புகிறேன்), த்யூ த லேவ், இல் ஸ லேவ், நூ நூ லெவோன், வூ வூ லெவே. உயிர் எழுத்து வந்தால் ஒட்டிக்கொள்ளும்: உடுத்துகிறேன் 'ஜ மாபீய்'. 'எழும்ப வேண்டும்' என்று சொல்லும்போது பலர் அகராதியில் உள்ள 'ஸ லெவே'யை அப்படியே வைத்துவிடுவார்கள். பிழை, 'ஜ துவா ம லெவே' என்றுதான் வரவேண்டும். கை கழுவுகிறேன் 'ஜ ம லாவ் லே மான்'. 'என் கை' என்று சொல்லத் தேவையில்லை, ஆருடைய கை என்பதை 'ம' சொல்லிவிட்டது. ஏவும்போது அது பின்னால் போகும், 'த' என்பது 'துவா' ஆகும்: 'தெபேஷ்-துவா', கெதியாய் வா. எழும்பினேன் என்பதற்கு 'ஜ ம ஸ்வி லெவே'; நீ எழுதும்போது கடைசியில் பெண்ணுக்கான 'எ' ஒன்று கூட வேண்டும், ஆனால் சத்தம் மாறாது.

இன்னொன்று. இங்கு எல்லாத் தமிழரும் சொல்கிற 'ரொந்தேவு' (நேரம் குறித்து வைத்த சந்திப்பு) இருக்கிறதே, அதுவும் இந்தக் கூட்டம்தான். 'ஸ ரான்த்ர்', ஓரிடத்துக்குப் போய்ச் சேர்வது. அதை ஏவினால் 'ரான்தே-வூ'.

சனிக்கிழமை உன் நேரம் பின்னேரம் ஆறரைக்கு எடுக்கிறேன். இப்போது வித்தியாசம் நாலரை மணித்தியாலம், மார்ச் கடைசி ஞாயிறோடு மூன்றரை ஆகிவிடும். போனை எடுத்தவுடன் இங்கு எத்தனை மணி என்று பிரெஞ்சில் சொல்லு. என் காதில் பன்னிரண்டு என்று விழுந்தால் திரும்பச் சொல்ல வைப்பேன்.

அன்புடன்,
அக்கா