விசில் யார் கையில்?

கோத்தகிரி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம்; மழைதான் விட்டபாடில்லை. பெருமாள்மலையில் பதினைந்து பேரைச் சேர்த்து மண்சரிவு மீட்புக் குழு தொடங்குவது நல்ல காரியம். சிரியாவின் உள்நாட்டுப் போரில் 'வெள்ளை ஹெல்மெட்' மீட்புத் தொண்டர்களை ராயித் சாலிஹ் நடத்தியதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு.

அவர்களும் ரொட்டி சுடுபவர், தையல்காரர், தச்சர் என்று சாதாரண ஆட்கள்தான். குண்டு விழுந்த வீட்டுக்கு ஓடிவந்து கூடியதும், அதே இடத்தில் இன்னொரு குண்டு விழும். மீட்கப் போனவர்கள் பலர் அந்த இரண்டாம் அடியில்தான் செத்தார்கள். நம் ஊரில் குண்டு போடும் விமானம் இல்லை. ஆனால் சரிந்த மண்ணுக்கு மேலே இன்னும் மண் நிற்கிறது. 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை கொட்டியதே, அப்படி ஊறிய சரிவு ஒரு தடவையோடு அடங்குமென்று நம்பாதே.

ஆகவே நீ மண்வெட்டியைத் தொடாதே. குனிந்து தோண்டுகிறவனுக்கு மேலே நடப்பது தெரியாது. ஒருவனை ஓரமாக, மேட்டில் நிறுத்து. பார்ப்பது மட்டுமே அவன் வேலை. ஓடைத் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ நின்றாலோ, கல் உருண்டாலோ, மரம் சாய்ந்தாலோ மூன்று குறுவிசில். கேட்டதும் போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே வர வேண்டும், உள்ளே ஒருவர் கையைப் பிடித்திருந்தாலும். கொடுமைதான். அதனால்தான் அதை இப்போதே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரே நீள விசில், மூன்று விநாடி: அமைதி. ஜேசிபியும் நிற்க வேண்டும். ஒருவர் மட்டும், "உள்ள யாராவது இருந்தா மூணு தரம் தட்டுங்க" என்று கத்திவிட்டு ஒரு நிமிடம் காது கொடுக்கட்டும். ஒரு நீள விசில், ஒரு குறுவிசில் என்றால் மறுபடி வேலை. உள்ளே போகிறவர் பெயரும் நேரமும் நோட்டில் ஏறட்டும். இருபது நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற்று.

கான்கிரீட்டைத் தூக்க 10 டன் ஜாக் போதும். ஆனால் ஈர மண்ணில் ஜாக் கீழே இறங்குமே தவிர, பாரம் மேலே வராது. அடியில் பலகை போடு. ஓர் அங்குலம் தூக்கினால் ஓர் அங்குலம் முட்டுக் கொடு. மரத்துண்டுகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கு. நம் சரிவில் அடுக்கின் உயரம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. மரம் பைனாக இருக்கட்டும்: உடையும் முன் நசுங்கி முனகும், விலக நேரம் கிடைக்கும்.

கால் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தால் அவசரப்பட்டுத் தூக்காதே. செத்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் பாய்ந்து, பேசிக்கொண்டிருந்தவரின் இதயம் நின்றுவிடும். முதலில் நர்ஸ் வந்து சலைன் ஏற்றட்டும், பிறகு பாரத்தை எடு.

முட்டுக்கான மரத்தை 4-க்கு 4 அங்குலத்தில், 2 அடி நீளத்தில் நாற்பது துண்டு அறுத்து வை. முனைகளில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடு. இல்லாவிட்டால் குளிருக்கு யாராவது விறகாக எடுத்துவிடுவார்கள். நீ கேட்ட பீன்ஸ் விதையைத் திங்கட்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமு