நோயாளியைப் பட்டினி போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் 'புற்றுநோயைப் பட்டினி போடுங்கள்', சாப்பாட்டைக் குறைத்தால் கட்டி அடங்கிவிடும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை என் மனைவி வாசித்துக் காட்டினாள். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். நான் அதைச் செய்து பார்த்தவன்.

செம்பனைத் தோட்டத்தில் 31 வருடம் லோரி ஓட்டினேன். இப்போது வயது 66. போன வருடம் பெருங்குடலில் கட்டி என்று ஈப்போவில் அறுவை செய்து, அப்புறம் புற்றுநோய்க்கான கீமோ ஊசி தொடங்கினார்கள். இரண்டாவது ஊசி முடிந்த வாரத்தில் வாட்சாப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி, சோற்றை நிறுத்தினால் கட்டி செத்துவிடும் என்று யாரோ அடித்துப் பேசியிருந்தார். மூலிகைத் தூள் விற்கிறவர் ஒருவரும் வீடு தேடி வந்து அதையே சொன்னார். ஒரு டப்பா 180 ரிங்கிட். சரி என்று சோற்றை விட்டேன். காலையில் எலுமிச்சைச் சாறு, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரிக்குத் தூள்.

58 கிலோ இருந்தவன் ஐந்து வாரத்தில் 51 ஆனேன். இடுப்பில் கைலி நிற்கவில்லை. கியர் போட்டுப் போட்டு உரமேறிய இடது கை, பிள்ளையின் கை மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது ஊசிக்குப் போனால் வெள்ளை அணு குறைந்திருக்கிறது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அணு குறைவது கீமோவாலும் வரும்தான். ஆனால் மருந்தைத் தாங்க உடம்பில் சத்தே இல்லை என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். உயரத்தையும் எடையையும் பார்த்துத்தான் மருந்தின் அளவையே கணக்குப் போடுகிறார்களாம்.

உணவு ஆலோசனைக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும். "அங்கிள், நீங்க சோத்தை விட்டாலும் ரத்தத்துல சர்க்கரை இருக்கும். கல்லீரல் அதைச் செஞ்சு கொடுத்துடும். எதைக் கரைச்சுச் செய்யுதுன்னு உங்க கையைப் பாருங்க" என்றார். பிறகுதான் கணக்கு. சிகிச்சையில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை. பழைய எடைக்குக் கிட்டத்தட்ட 1,500 முதல் 1,700 கலோரி வருகிறது. நான் அப்போது 500கூடச் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

கடிதம் எழுதியவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். என் மகள் பினாங்கில் மருந்தகத்தில் வேலை செய்கிறாள். தேடிப் படித்து, தொலைபேசியிலேயே எனக்கு விளக்கினாள். 1914லேயே பெய்டன் ரவுஸ் என்ற அமெரிக்கர் எலிகளுக்குத் தீனியைக் குறைத்தால் கட்டியின் வளர்ச்சி மட்டுப்படுகிறது என்று காட்டியிருக்கிறார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் குரங்குகளுக்கு 30 விழுக்காடு குறைத்துக் கொடுத்தார்கள். அவற்றுக்குப் புற்றுநோய் பாதிதான் வந்தது என்று 2009ல் எழுதினார்கள். ஆனால் அவை நோய் வருமுன்பே குறைத்துச் சாப்பிட்ட குரங்குகள். வைட்டமின், தாதுச் சத்து எதுவும் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். என் எலுமிச்சைச் சாறு எந்தக் கணக்கில் சேரும்?

மனிதர்களிடமும் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உடல் பருமன் இல்லாத, ஆரோக்கியமான 218 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினரை இரண்டு வருடம் கால்வாசிச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள். அவர்களால் முடிந்தது சுமார் 12 விழுக்காடுதான். நெதர்லாந்தில் மார்பகப் புற்றுநோய் கண்ட 131 பெண்களில் ஒரு பாதியினருக்குக் கீமோவை ஒட்டிச் சில நாள் மட்டும் குறைந்த உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 2020ல் முடிவு வந்தது. அதுவும் டாக்டர்கள் கண்காணிப்பில். அப்படியும் பெரும்பாலானவர்களால் கடைசிச் சுற்று வரை அந்த உணவில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வாட்சாப்பைக் கேட்டுத் தனியாகச் செய்த என்னை இதில் எங்கே சேர்ப்பது?

சுங்கை சிப்புட் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் இன்னொரு பேச்சு. தோட்டத்து லய வீடுகளில் இருந்தபோது கஞ்சியும் கருவாடும்தான், அப்போது யாருக்கு கேன்சர் வந்தது என்பார்கள். என் அப்பா 52 வயதில் வயிற்று வலி என்று படுத்து, மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தார். என்ன நோய் என்று யாரும் பார்க்கவில்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளர் (டிரெசர்) கொடுத்த மாத்திரையோடு சரி. நோய்க்குப் பெயர் வைக்க ஆள் இல்லை என்பதால் நோயே இல்லை என்றாகிவிடுமா?

நோய் வராதவர்கள் குறைத்துச் சாப்பிடுங்கள், அதற்கு நான் எதிரி இல்லை. அதிக உடல் கொழுப்பு 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புள்ளது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016ல் அறிவித்தது. என் பெருங்குடலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2023 சுகாதார ஆய்வின்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். குலை அறுத்துத் தோளில் சுமந்தவர்கள் சாப்பிட்ட அதே மலைபோல் குவித்த சோற்றை இன்று கார் ஓட்டும் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். மேலே ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்), அதில் இரண்டு கரண்டி சுண்டிய பால். அங்கே குறைக்கட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இப்படிக் கடிதம் வந்தால், சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று கீழே ஒரு வரி போடுங்கள். முடிந்தால் உணவியல் நிபுணர் ஒருவரிடம் மாதம் ஒரு பத்தி வாங்கிப் போடுங்கள்.

இப்போது தினம் மூன்று முட்டை, மீன், பருப்பு, இரண்டு கரண்டி சோறு. சோறு இறங்காத நாளில் மனைவி கஞ்சியில் கோழியைப் பிய்த்துப் போட்டுத் தருகிறாள். எடை 55 வந்திருக்கிறது. ஐந்தாவது ஊசி வரும் செவ்வாய்க்கிழமை.

முன்னாள் தோட்ட லோரி ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்.