மிருதங்கக்காரனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது. உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று வகுப்புக்கே தெரியும், அதை விடு. மூன்று வருஷம் பாட்டுப் படித்து என்ன ஆனாய் என்று வீட்டில் கேட்டார்கள். நன்றாகப் பாடுகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். சரியான பதில் உனக்குத்தான் புரியும், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

சேர்ந்த புதிதில், நான் பாட்டை நிறுத்தி நீ மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நீ வாசிக்க ஆரம்பித்ததும் தலையைக் குனிந்து, என் கையையே பார்த்துக்கொண்டு தாளம் போடுவேன். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபு என்றால் கேட்கவே வேண்டாம். மூன்றும் நாலும் ஏழு, மூன்றும் நாலும் ஏழு என்று உதடு முணுமுணுக்கும். தனியை முடிக்கப் போவதைச் சொல்லும் மோரா வந்து, முடிவுக் கணக்கான கோர்வை மூன்றாம் முறையும் முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் பல்லவியைப் பிடித்துவிட்டால் அப்பாடா என்றிருக்கும். தாளம் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் நீ என்ன வாசித்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

அப்புறம் நீதான் மிருதங்கத்தின் ஒலியை வாயால் சொல்லும் சொற்கட்டைச் சொல்லிப் பழக்கினாய். எண்ணாதே, தகிட தகதிமி என்று சொல்லு, கை தானாகப் போகும் என்றாய். முதலில் நாக்கு தடுக்கியது. பழகப் பழக எண்ணிக்கை உதிர்ந்து போய் தாளத்தின் நடை மட்டும் மனதில் தங்கியது. அதன்பிறகுதான் நீ தொப்பியில், அந்த இடது பக்கத்தில், கொடுக்கிற கும்கியின் ஆழ்ந்த ஒலி என் காதில் விழ ஆரம்பித்தது. அதுவரை அது எங்கே போயிருந்ததோ!

கடைசி செய்முறைத் தேர்வை நீ மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. சரணத்தில் ஒரு வரியை இரண்டாம் தடவை எடுத்தபோது நீ வலது பக்கமான வலந்தலையிலிருந்து கையை எடுத்துவிட்டாய். தாளத்தின் ஒரு சுற்று முழுக்க ஒரே ஒரு கும்கி. முதலாண்டாக இருந்தால் காலி இடத்தைப் பார்த்துப் பதறி அதே வரிக்கு நாலு சங்கதியை, அதாவது மெட்டு மாற்றங்களை, அள்ளிப் போட்டிருப்பேன். அன்று காந்தார ஸ்வரத்தையே நீட்டி, கார்வை கொடுத்து நின்றேன். தம்புரா கேட்டது. நீ சிரித்தாய், தேர்வாளர் கவனித்தாரா தெரியாது.

தியரி தாளுக்காகச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நெட்டுருப் போட்டோமே, அதில் இளங்கோவடிகள் தண்ணுமை என்ற மத்தள வகையை வாசிக்கும் ஆசிரியனுக்கு இலக்கணம் சொல்லுவார். மற்ற இசையில் குறைந்ததை நிரப்பவும், மிகுந்ததை அடக்கவும் தெரிந்தவனாக இருக்க வேண்டுமாம். தாளில் அது ஒரு சிறு வினாவுக்கான விடை. மேடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. இப்போது நானும் அப்படித்தான் கேட்டுப் பாடப் பார்க்கிறேன். வாய்ப்பாட்டுக்காரர்களுக்கு இலக்கணம் எழுதும்போதும் இதைச் சேர்க்கலாம் என்பது என் கட்சி.

72 மேளகர்த்தா என்ற தாய் ராகங்களையும், ஏழு தாளம் ஐந்து ஜாதி என்று 35 தாளத்தையும் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாயாமாளவகௌளையைச் சொல்லியே ஆகவேண்டும். சின்ன வயதில் சரளி வரிசையில் பாடிப் பாடிச் சலித்த ராகம். இந்த வருஷம் தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடிப் பார்த்தேன். ச ரி க ம போகிற அதே இடைவெளிகளில்தான் ப த நி ச-வும் போகிறது. புத்தகத்தில் முன்பாதி பூர்வாங்கம், பின்பாதி உத்தராங்கம் என்று எப்போதோ படித்ததுதான். அந்த த-வில், சுத்த தைவதத்தில், நின்றபோது ரி-யான சுத்த ரிஷபத்தின் நிழல் அதில் கேட்டது. அன்றைக்குப் பாட்டுப் பயிற்சி முழுக்க அதிலேயே போய்விட்டது.

இன்னொன்று, இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம். நம் வகுப்பில் பிருகா, அந்த மின்னல் வேக ஸ்வரங்கள், பொழியும் குரல் ஒன்று உண்டே, அவள் பாடினால் முன்பெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இப்போது அடுத்து எங்கே தாவப் போகிறாள் என்று ஆவலாக இருக்கிறது. என் குரலுக்குப் பிருகா அவ்வளவாக வராது. மெதுவான விளம்ப காலம் வரும். அது போதும் என்று சமாதானம் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் பிடித்திருக்கிறது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். இனி டைம்டேபிள் கிடையாது, நம்மை உட்கார வைக்க யாரும் வரமாட்டார்கள். மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. ஐந்தைந்தாக நடக்கும் கண்ட நடையில் ஒரு பல்லவி வைத்திருக்கிறேன். எடுப்பு எங்கே என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன், நீயே கண்டுபிடி.

அன்புடன்,
உன் பாட்டுக்காரி