கிறிஸ்துமஸ் கூடை கட்டிய கைகளுக்கு நன்றி

அன்பான அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும், தம்பி தங்கைகளுக்கும்,

நம் சபையில் தனியாக வாழும் பெரியவர்களுக்கு வீட்டிலேயே செய்த கிறிஸ்துமஸ் பரிசுக்கூடைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒரு வீடும் விடுபடவில்லை. ஆராதனை முடிந்ததும் மைக்கில் பொதுவாக ஒரு நன்றி சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. யார் என்ன செய்தீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெயர் போடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டீர்கள், சரி. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பார்க்க அழகாக ஒரு கூடை கட்டுவது பெரிய காரியம் இல்லை. எழுபது, எண்பது வயதில் உதவிக்கு ஆள் இல்லாத ஒருவர் அதைத் தாமே பிரித்து, மூடியைத் திறந்து, உடம்புக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் இல்லாமல் சாப்பிட வேண்டும். அதுதான் கஷ்டம். உங்களில் ஒவ்வொருவரும் வாங்கிக்கொள்ளப் போகிறவரை நினைத்தே வேலை செய்தீர்கள். என் நன்றி முக்கியமாக அதற்குத்தான்.

முதலில் நர்ஸ் அக்கா. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே என்னென்ன செய்யப் போகிறோம் என்ற பட்டியலை வாங்கி, பேனாவோடு உட்கார்ந்தீர்கள். கிரேப்ஃப்ரூட் மார்மலேடை (தோலோடு காய்ச்சும் பழ ஜாம்) பட்டியலிலிருந்து அடித்தீர்கள். கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் குடலில் உடைபடும் வேகத்தை அந்தப் பழம் குறைத்துவிடும், மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறும் என்று விளக்கினீர்கள். மார்மலேடுக்குப் பேர்போன செவில் ஆரஞ்சுக்கும் அதே குணம் உண்டு என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பெரியவர்களில் பலர் இந்த மாத்திரைகளைத்தான் சாப்பிடுகிறார்கள்.

அடுத்து அடிபட்டது பூண்டு ஊறிய எண்ணெய். கண்ணாடி பாட்டிலில் அது அவ்வளவு அழகாக இருக்கும் என்று பலரும் கேட்டிருந்தார்கள். பூண்டு மண்ணில் விளைவது, அதில் போட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம், எண்ணெய்க்கு அடியில் காற்று படாமல் சாதாரண வெப்பத்தில் கிடந்தால் நஞ்சு உண்டாகலாம், பார்த்தோ முகர்ந்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது என்றீர்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதே கிருமிக்காகத்தான் தேன் பாட்டில்களில் ‘ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்’ என்று எழுதச் சொன்னீர்கள். பேத்தியைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டி நம் பட்டியலில் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது!

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு என்ன வைப்பது என்பது நீண்ட விவாதம். சர்க்கரை குறைத்து ஜாம் செய்துவிடலாமே என்று முதலில் தோன்றும். ஆனால் ஜாமில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. கிருமிகளுக்குத் தண்ணீர் கிடைக்காமல் பிடித்து வைப்பதே அதுதான். அதைக் குறைத்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும். கூடையில் வைத்துக் கொடுக்கும் பொருளுக்கு அது ஒத்துவராது. அவர்களுக்கு மட்டும் சூப் பாட்டில் என்ற யோசனை, ஜாம் காய்ச்சிய அக்காவுடையது. சிவப்பு, பச்சை, மஞ்சள் பருப்புகள், பார்லி, உலர்ந்த காய்கறி, மூலிகை என்று அடுக்கடுக்காகப் போட்டு, உப்பே சேர்க்காமல் மூடி, எவ்வளவு தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரம் வேகவைப்பது என்று ஒரு சீட்டுக் கட்டினீர்கள். எல்லாக் கூடைகளிலும் கண்ணுக்கு அழகானது அதுதான் என்பது என் கருத்து. இனிப்பு இல்லாததால் குறைந்துபோன கூடை என்று யாரும் நினைக்க இடமில்லாமல் செய்துவிட்டீர்கள்.

அக்காவின் ஜாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்ட்ராபெர்ரியில் ஜாமை இறுகவைக்கும் பெக்டின் குறைவு, தனியாகக் காய்ச்சினால் இறுகாது. அதனால் ஆப்பிளைத் துருவிச் சேர்த்து எலுமிச்சையும் பிழிந்தார். கொதி 104, 105 டிகிரிக்கு வந்ததும் அடுப்பை நிறுத்தி, ஃபிரிட்ஜில் குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்ப்பார். மேலே சுருக்கம் விழுந்தால்தான் பாட்டிலுக்குப் போகும். பாட்டில்களைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, சூடு ஆறும் முன்பே சூடான ஜாமை ஊற்றி, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடினார். இதில் ஒன்றைக்கூட ஒருமுறைகூட அவர் விட்டுவிட்டதை நான் பார்க்கவில்லை. அப்புறம் அந்த மூடி! ஆறியதும் உள்ளே காற்று சுருங்கி மூடி இறுகப் பிடித்துக்கொள்ளும். ஜாம் கெடாமல் இருக்க அது வேண்டும், மூட்டுவலி உள்ள விரல்களுக்கோ அது கல். ரப்பர் விரிப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி, பிடித்துத் திருக ஒரு துண்டு என்று ஒவ்வொரு பாட்டிலோடும் கட்டிவைத்த அண்ணனுக்குத் தனியாக ஒரு வணக்கம். இவ்வளவு சின்ன விஷயத்தை யோசிக்க ஒரு பெரிய மனசு வேண்டும்.

பெரியம்மா, உங்கள் கேக்கும் ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட்டும் இல்லாமல் கிறிஸ்துமஸ் ஏது? ரம் ஊற்றாமல் ஆரஞ்சுச் சாறிலேயே பழங்களை ஊறவைத்தீர்கள். வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், மருந்து சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அதற்குக் காரணம் சொன்னீர்கள். ரம் இல்லாத கேக் அதே மாதிரி நாள் தாங்காது என்பதால் கடைசியில் சுட்டு, முதலில் பட்டர் பேப்பர், அதற்கு மேல்தான் ஃபாயில் என்று சுற்றினீர்கள். பழத்தின் புளிப்பு ஃபாயிலில் நேராகப் படக்கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது. ஷார்ட்பிரெட்டுக்கு ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. நட்ஸ் கிடையாது. பல்செட் வைத்திருப்பவர்களும் வாயில் போட்டால் கரைந்துவிட வேண்டும் என்றீர்கள், கரைந்தது. முழுக்க ஆறாமல் டப்பாவை மூட யாரையும் நீங்கள் விடவில்லை. சூட்டோடு மூடினால் நீராவியில் நமத்துப்போகும் என்று தெரிந்தும் அவசரப்பட்ட எங்களைப் பொறுமையாக உட்காரவைத்ததற்கும் நன்றி.

வாசனை மெழுகுவர்த்தி வேண்டாம் என்று சொன்னது தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்ற மாமா. தனியாக இருப்பவர் கொளுத்திவிட்டுத் தூங்கிப் போனால் யார் அணைப்பார்கள் என்று அவர் கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. மெழுகுவர்த்திக்குப் பதிலாக ஆரஞ்சில் கிராம்பு குத்தி, பட்டைத்தூளில் புரட்டி, காற்றோட்டமான இடத்தில் வாரக்கணக்கில் காயவைத்த வாசனைப் பந்துகள் வந்தன. குத்தியது வாலிபர் கூட்டத்துத் தங்கைகள். முதலில் ஊசியால் துளை போட்டுவிட்டுக் கிராம்பைச் செருகினாலும் விரல் நோகத்தான் செய்யும், ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பந்துகளைத் தனி டப்பாவில் போட்டதும் நீங்கள்தான். வெண்ணெய் பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும், சேர்த்து வைத்திருந்தால் ஷார்ட்பிரெட் கிராம்பு மணக்கும்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, லேபிள் எழுதியது நீங்கள். சிவப்புத் தாளில் தங்க மை கேட்டீர்கள், எங்களுக்கும் ஆசைதான். கண்புரை உள்ள தாத்தாவுக்கு அது தெரியுமா என்று உங்கள் டீச்சர் கேட்டதும், நீங்களே வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் பெரிய எழுத்தாக எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். என்ன பொருள், எதெல்லாம் சேர்ந்திருக்கிறது, எப்போது செய்தது, எதற்குள் சாப்பிட வேண்டும் எல்லாம் அதில் இருந்தது. பால், முட்டை, கோதுமை சேர்ந்தவற்றின் கீழே கோடு. ஓரத்தில் நட்சத்திரம் வரைய மட்டும் உங்களை யாரும் தடுக்கவில்லை.

கூடை அடுக்கிய தம்பிகளுக்கு: கனமான பாட்டில்களை அடியில் நடுவாக வைத்து, இடுக்குகளில் கசக்கிய காகிதம் திணித்து, பிஸ்கட்டை மேலே வைத்ததால் ஒன்றுகூட நொறுங்கவில்லை. தூக்கிப் பார்த்துக் கனமாகத் தோன்றினால் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி. நிறையக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையை அடக்குவது சுலபம் இல்லை. பழைய பாட்டில்களைக் கழுவித் தந்தவர்கள், சமையலறையை எங்களிடம் விட்டுவிட்டு வேறு வீட்டில் சாப்பிட்ட குடும்பம், வண்டி ஓட்டியவர்கள், பணம் போட்டுவிட்டு வாய் திறக்காதவர்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி. பட்டியலில் அவர் பெயரும் இருந்தது, வாங்கிக்கொள்கிறவராக. விஷயம் கேள்விப்பட்டு, நானும் வருகிறேன் என்று கைத்தடியோடு வந்து உட்கார்ந்த அத்தை. பசைநாடா ஒட்டிய பொதியைப் பிரிக்கக் கத்தி தேடி அலைய வேண்டும் என்று சொல்லி, ஒரு நுனியை இழுத்தால் முழுதும் அவிழ்ந்துவிடும் சுருக்குமுடிச்சு போட்டுக் காட்டினார். எல்லாக் கூடைகளின் ரிப்பனும் அவர் கட்டியது. அத்தை, உங்களை முதலிலேயே அழைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். அடுத்த முறை பட்டியல் போட உட்காரும்போதே உங்களுக்கு நாற்காலி போட்டுவிடுவோம்.

கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யாரும் வாசலில் வைத்துவிட்டு ஓடவில்லை. உட்கார்ந்து, லேபிளை வாசித்துக் காட்டி, மூடி திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தீர்கள். சில வீடுகளில் பேச்சு இரவுச் சாப்பாடு வரை போனது என்று கேள்விப்பட்டேன். கூடையை விட அதுதான் பெரிது என்று நம்புகிறேன்.

காலியான ஜாம் பாட்டில்கள் திரும்பி வரத் தொடங்கிவிட்டன. மூடிகளைத் திரும்பப் பயன்படுத்த மாட்டோம், புதிதாக வாங்கிக்கொள்ளலாம். பாட்டில்களை மட்டும் கழுவி என்னிடம் கொடுங்கள், பத்திரமாக எடுத்துவைக்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
பரிசுக்கூடை வேலையில் உங்களோடு நின்ற சகோதரி